சொட்டு மருந்தும் சீந்தில் கொடியும்

குஞ்சு பொரித்த ஐந்து முதல் ஏழு நாளுக்குள் அதன் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் அதற்கு எஃப் ஒன் என்றோ லசோட்டா என்றோ பெயர். இரண்டுமே வெள்ளைக்கழிச்சலுக்கான உயிருள்ள தடுப்பு மருந்துகள். பத்தாயிரம் குஞ்சு என்றால் பத்தாயிரம் சொட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, ஒரே நாள், ஒரே ஆட்கள். மூன்று வாரம் கழித்துச் சில குஞ்சுகளிடம் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், திரும்பி வரும் தாளில் எண்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றுக்கு 1:128 என்றிருக்கும், இன்னொன்றுக்கு 1:32, மற்றொன்றுக்கு வெறும் 1:4.

இந்த எண்ணைப் பண்ணைக்காரர்கள் டைட்டர் என்கிறார்கள். ரத்தத்தில் வெள்ளைக்கழிச்சல் வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதன் அளவு அது. டைட்டர் குறைந்துவிட்டால் அடுத்த நடை கால்நடை மருந்துக் கடைக்குத்தான். அங்கே அலமாரி நிறைய மூலிகை டானிக்குகள். சீந்தில், அமுக்கரா, துளசி, நெல்லி, நிலவேம்பு, கீழாநெல்லி, மஞ்சள் என்று குப்பிக்குக் குப்பி வரிசை மாறும். படத்தில் சேவல் மட்டும் மாறாமல் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். தடுப்பூசியின் பலனை இவை கூட்டும் என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். கூட்டுமா என்பது ஒரு கேள்வி. கூட்டினால் அது எந்தக் கோழிக்குப் பயன் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். என் கணிப்பில் இரண்டாவதுதான் முக்கியமானது.

முதலில் நோயைப் பற்றி. 1926-ல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தையொட்டிய பண்ணைகளிலும் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அடுத்த ஆண்டே குமாவோன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் அதே சாவு. உலகம் அதை நியூகாசில் நோய் என்றது, இந்தியக் கால்நடைத் துறை ராணிக்கெட் நோய் என்றது, நம் ஊர்க்காரர்கள் எச்சத்தைப் பார்த்து வெள்ளைக்கழிச்சல் என்றார்கள். பசும்வெள்ளையாகக் கழியும், கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பிழைத்தவற்றில் சில கழுத்து திருகிக்கொண்டு வட்டம் சுற்றும். தடுப்பூசி போடாத மந்தையில் கொடிய வகை புகுந்தால் ஒன்றுகூட மிஞ்சாமல் போவதும் உண்டு.

இந்த வைரஸின் மேலுறையில் இரண்டு புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று கோழியின் செல்லைப் பற்றிக்கொள்ளும். மற்றது வைரஸின் உறையைச் செல்லின் சவ்வோடு இணைத்து உள்ளே வழி திறக்கும். இந்த இரண்டாவது புரதம் குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டுப்பட்டால்தான் வேலை செய்யும். வெட்டுகிற நொதி வைரஸிடம் கிடையாது. கோழியின் உடம்பே கொடுக்க வேண்டும். லசோட்டா போன்ற சாதுவான வகைகளில் வெட்டுமிடம் மூச்சுப்பாதையிலும் குடலிலும் இருக்கிற டிரிப்சின் போன்ற நொதிகளுக்கு மட்டுமே இடம் தரும். ஆகவே அந்த வைரஸ் மூக்கையும் குடலையும் தாண்டிப் போவதில்லை. கொடிய வகையில் அதே இடத்தில் காரத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் உள்ள ஃப்யூரின் என்ற நொதியே அதை வெட்டிவிடும். மூளை, ஈரல், முட்டைப்பை எங்கும் வைரஸ் பெருகும். மற்றபடி இரண்டும் வெளித்தோற்றத்தில் நெருங்கிய சொந்தம். அதனால்தான் சாதுவைப் பார்த்து உண்டான எதிர்ப்பொருள் கொடியதையும் பிடிக்கிறது.

லசோட்டா 1946-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிடைத்தது. அது எடுக்கப்பட்ட பண்ணையின் உரிமையாளர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. எட்டு வாரம் வாக்கில் இறக்கையடித் தோலில் போடும் ஆர்.டூ.பி. நம் நாட்டுச் சரக்கு. 1940-களில் முக்தேஸ்வர் ஆய்வு நிலையத்தில், கரு வளரும் முட்டைகளில் திரும்பத் திரும்ப வளர்த்து வைரஸின் வேகத்தைக் குறைத்து உருவாக்கினார்கள். ராணிக்கெட் இருக்கும் அதே குமாவோன் மலையில்தான் முக்தேஸ்வரும் இருக்கிறது.

இனி எதிர்ப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இந்த விஷயத்தில் மனித மருத்துவமே கோழிக்குக் கடன்பட்டது. கோழியின் எச்சத்துளைக்கு மேலே, முதுகுப் பக்கமாக, ஒரு சின்னப் பை இருக்கிறது. இத்தாலிய உடற்கூறியலாளர் ஃபப்ரீசியஸின் நூல் அவர் இறந்த பிறகு 1621-ல் வெளிவந்தபோது இந்தப் பை அதில் விவரிக்கப்பட்டிருந்தது. எதற்காக இருக்கிறது என்று அதற்குப் பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் விளங்கவில்லை. குஞ்சில் வேகமாக வளர்ந்து, கோழி பருவத்துக்கு வரும்போது சுருங்கிவிடும் உறுப்பு அது. 1950-களில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற இளம் ஆய்வாளர் சில குஞ்சுகளில் இந்தப் பையை அறுத்து எடுத்துப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கோழிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அவருடைய நண்பர் திமோத்தி சாங் மாணவர்களுக்கு எதிர்ப்பொருள் உருவாவதைச் செய்து காட்டக் கோழி வேண்டும் என்று கேட்க, கைவசம் இருந்த இந்தக் கோழிகளைக் கிளிக் கொடுத்தார். வகுப்பில் சால்மொனெல்லா கிருமியை ஊசியில் ஏற்றினார்கள். பை அறுத்த கோழிகளில் எதிர்ப்பொருளே வரவில்லை. செய்முறை வகுப்பு பாழ். ஆனால் முந்நூறு ஆண்டுப் புதிருக்கு விடை கிடைத்தது. பெரிய ஆய்விதழ் ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட, 1956-ல் கோழி வளர்ப்புக்கான ஓர் ஆய்விதழில் அது வெளியானது. மனித ரத்தப் பரிசோதனைத் தாள்களில் இன்று பி செல் என்று படிக்கிறோமே, அந்த முதலெழுத்து இந்தப் பையின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது.

கண்ணில் விட்ட சொட்டு அங்கேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. கோழிக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. அதை ஒட்டிக் கண்குழிக்குள் இருக்கும் ஹார்டர் சுரப்பியில் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் வந்து குவிந்து கண்ணீர் வழியாக மூக்கையும் தொண்டையையும் காவல் காக்கும். ரத்தத்தில் முதல் எதிர்ப்பொருள் சில நாளில் தலைகாட்டும். நிலைத்து நிற்கும் வகை பின்னால் வந்து மூன்று நான்கு வாரத்தில் உச்சம் தொடும். ஆய்வகத் தாளில் வரும் எண் ரத்தத்தில் இருப்பதை மட்டுமே சொல்லும். கண்ணீரில் இருப்பதை அது சொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லையே அழிக்கும் டி செல்களின் கணக்கும் அதில் வராது.

சரி, ஒரே சொட்டு வாங்கிய குஞ்சுகளில் ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வு? முதல் காரணம் தாய். தாய்க்கோழி தன் எதிர்ப்பொருளை மஞ்சள் கருவில் வைத்துக் குஞ்சுக்கு அனுப்புகிறது. ஏறக்குறைய நாலரை நாளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். அது அதிகமாக இருக்கும் குஞ்சில் தடுப்பு மருந்தின் வைரஸ் பெருகுமுன்பே தாய் கொடுத்த எதிர்ப்பொருள் அதைப் பிடித்து அழித்துவிடும். தாயின் காவல் குஞ்சின் படிப்பைக் கெடுக்கிறது. வெவ்வேறு வயதுத் தாய்க்கோழிகளின் முட்டைகள் ஒரே பொரிப்பகத்தில் கலந்தால் டைட்டரும் கலந்துகட்டியாகத்தான் வரும்.

இரண்டாவது, கம்போரோ. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் கம்போரோ என்ற ஊர்ப் பக்கம் 1957-ல் தலைகாட்டி, 1962-ல் விவரிக்கப்பட்ட நோய் இது. இதன் வைரஸ் குறிவைப்பதே ஃபப்ரீசியஸ் பையில் வளரும் பி செல்களைத்தான். சின்ன வயதில் கம்போரோ தாக்கிய குஞ்சு உயிர் பிழைத்தாலும், கிளிக் பையை அறுத்த கோழிகளின் நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அதற்கு எத்தனை முறை லசோட்டா விட்டாலும் தாளில் எண் ஏறாது.

மூன்றாவது தீவனத்தில் இருக்கிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது பிறகு தெரிந்தது. அந்தப் பூஞ்சையின் நஞ்சுதான் அஃப்லாடாக்சின். சாகடிக்கும் அளவுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத அளவில் அது மக்காச்சோளத்தில் இருந்தாலே ஈரலைக் கெடுத்துத் தடுப்பூசியின் பலனைக் குறைக்கும். நான்காவது வெயில். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் அது சூட்டை இறக்க வேண்டும். வெயில் கடுமையானால் அதன் உடம்பில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடும், ரத்தத்தில் லிம்போசைட்டுகள் குறையும், பையும் சுருங்கும்.

ஐந்தாவதைச் சொல்ல யாரும் விரும்புவதில்லை. மருந்துக் குப்பி ஐஸ் பெட்டியை விட்டு வெளியே எத்தனை நேரம் இருந்தது, குளோரின் கலந்த தண்ணீரில் மருந்தைக் கரைத்தார்களா, கடைசி ஆயிரம் குஞ்சுக்குச் சொட்டு உண்மையிலேயே கண்ணில் விழுந்ததா என்பதெல்லாம் அதில் அடங்கும். எந்த மூலிகையாலும் சரிசெய்ய முடியாத காரணம் இது. டானிக் வாங்குமுன் விசாரிக்க வேண்டியதும் இதைத்தான்.

செடிகளுக்கும் தடுப்பூசிக்கும் உள்ள உறவு மருந்துக் கடை டானிக்கில் தொடங்கியதல்ல. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் காஸ்தோன் ராமோன் என்ற கால்நடை மருத்துவர் டிப்தீரியா மருந்துக்காகக் குதிரைகளுக்கு ஊசி போட்டு வந்தார். ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்த குதிரைகள் அதிக எதிர்ப்பொருளைத் தருவதைக் கவனித்தார். கட்டியை வேண்டுமென்றே வரவழைத்தால் என்ன என்று 1925-ல் ஊசி மருந்தோடு அவர் கலந்து பார்த்த பொருள்களில் ஒன்று மரவள்ளி மாவு. எதிர்ப்பொருள் ஏறியது. சேலம், நாமக்கல் சேகோ ஆலைக்காரர்களும் கோழிப்பண்ணைக்காரர்களும் ஒரே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கள் இரண்டு தொழிலும் ஒரு குதிரையின் சீழ்க்கட்டியில் சந்தித்தது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

சிலி நாட்டின் குயிலாயா மரப்பட்டை அதைவிடப் பெரிய கதை. அந்தப் பட்டையிலிருந்து எடுத்த சபோனினை 1970-களில் தூய்மையாக்கி, கால்நடைகளின் கோமாரித் தடுப்பூசியில் துணைப்பொருளாகச் சேர்த்தார்கள். இன்று மனிதர்களுக்கான அக்கித் தடுப்பூசியிலும், ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடும் ஆர் 21 மலேரியாத் தடுப்பூசியிலும் அதே பட்டையின் பொருள் இருக்கிறது. ஒரு செடி தடுப்பூசியின் பலனைக் கூட்டும் என்பதை இனி யாரும் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் இவையெல்லாம் ஊசியோடு சேர்ந்து, ஊசி போட்ட அதே இடத்தில், துல்லியமான அளவில் போகின்றன. தீவனத்தில் தூவும் பொடி போகிற வழி வேறு. அது இரைப்பையைக் கடக்க வேண்டும், அரைபட வேண்டும், குடலில் கிருமிகளுக்கு இரையானது போக மிச்சம்தான் கோழிக்கு.

அப்படியிருந்தும் அது வேலை செய்ய ஒரு வழி இருக்கிறது. பல மூலிகைகளில் கூட்டுச் சர்க்கரைகள் இருக்கின்றன. இவை ரத்தத்தில் கலக்க முடியாத அளவுக்குப் பெரிய மூலக்கூறுகள். ஆனால் கோழியின் நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு குடல் சுவரில்தான் காத்திருக்கிறது. விழுங்கு செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் கிருமிகளின் உறையில் இருக்கும் சர்க்கரை வடிவங்களை அடையாளம் காணப் பழகியவை. செடியின் சர்க்கரை அதே சாயலில் இருந்தால் ஏற்பி ஏமாறும். செல் விழித்துக்கொண்டு சைட்டோகைன் என்ற தகவல் புரதங்களைச் சுரக்கும். அந்த விழிப்பு நிலையில் தடுப்பு மருந்து வந்தால் பி செல்களுக்குத் தகவல் வேகமாகப் போகும். கோட்பாடு இது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சீந்தில் தண்டிலிருந்து ஜி 1-4 ஏ என்ற கூட்டுச் சர்க்கரையைப் பிரித்தெடுத்தார்கள். எலிச் செல்களில் அது டி.எல்.ஆர். 4 என்ற ஏற்பி வழியாக இயங்குவதைக் காட்டினார்கள். சீனாவில் ஆஸ்ட்ராகலஸ் வேரின் கூட்டுச் சர்க்கரையை வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியோடு சேர்த்து நிறையவே சோதித்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் அதே வேரையும் இரண்டு வகைக் காளான்களையும் ஆன்ட்டிபயாடிக்குக்கு மாற்றாகக் கோழிகளில் பரிசோதித்து 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்ட்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியில் முற்றாகத் தடுத்தது. இந்தத் துறைக்குப் பணம் வந்த காலம் அது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. டி.எல்.ஆர். 4 ஏற்பி முக்கியமாக அடையாளம் காண்பது பாக்டீரியாவின் உறையிலுள்ள எண்டோடாக்சினை. காட்டில் பறித்து, முற்றத்தில் உலர்த்திய எந்தத் தண்டிலும் பாக்டீரியா இருக்கும். சாற்றோடு எண்டோடாக்சினும் வரும். சாறு செல்லை உசுப்பினால், உசுப்பியது சீந்திலா, சீந்தில் மேல் ஒட்டிக்கொண்டிருந்த கிருமியா என்று பிரித்துக் காட்டியாக வேண்டும். அதைக் கவனமாகச் செய்த ஆய்வுகளைத்தான் நான் நம்புவேன்.

மஞ்சளின் கதை வேறு வகை. அது எதிர்ப்பு சக்தியை நேரடியாகத் தூண்டுகிறது என்பதைவிட, தடையை நீக்குகிறது என்பதற்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது. அஃப்லாடாக்சின் கலந்த தீவனம் தின்ற இறைச்சிக் கோழிக் குஞ்சுகளுக்கு, தீவனத்தில் அரை சதவீதம் மஞ்சள் தூள் சேர்த்தபோது, நஞ்சால் வந்த பாதிப்பு ஓரளவு குறைந்தது என்று அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக ஆய்வு 2008-ல் காட்டியது. கீழாநெல்லி ஈரலுக்கு நல்லது என்று நம் ஊரில் சொல்வதும் இந்தப் பக்கம்தான் சேரும். கோழிக்கு வைட்டமின் சி தன் சிறுநீரகத்திலேயே உற்பத்தியாகிறது. ஆனால் கத்திரி வெயிலில் அந்த உற்பத்தி போதாமல் போகலாம். நெல்லிக்காய்ப் பொடிக்கு அப்போது ஒரு வேலை உண்டு. நல்ல தீவனமும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில், நோயில்லாத குஞ்சுகளிடம் சோதித்தால் இதே பொடிகள் எதையும் காட்டாமல் போகக்கூடும். நீக்குவதற்கு அங்கே தடை ஏதும் இல்லையே! ஒரு மூலிகை ஓர் ஆய்வில் பலன் தந்து இன்னொன்றில் தராததற்கு இது ஒரு நேர்மையான விளக்கம்.

இனி டைட்டர் என்ற அந்த எண்ணை நெருங்கிப் பார்ப்போம். வெள்ளைக்கழிச்சல் வைரஸைக் கோழியின் சிவப்பணுக்களோடு கலந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டி வலைபோல் படியும். எதிர்ப்பொருள் உள்ள ரத்தத் தெளிவைச் சேர்த்தால் ஒட்டாது. தெளிவை இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், எந்த மடங்கு வரை ஒட்டாமல் தடுக்கிறது என்று பார்ப்பதுதான் எச்.ஐ. சோதனை. 1:16 என்றால் சோதனை பாசிட்டிவ் என்பது உலக நடைமுறை. அடுத்த படி 1:32. ஒரு படி ஏறினால் எதிர்ப்பொருள் இரட்டிப்பானதாகத் தெரியும். கேட்கவும் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதே ரத்தத்தை மறுநாள் அதே ஆய்வகத்தில் சோதித்தாலும் ஒரு படி முன்பின் வருவது சகஜம். மூலிகைக் குழுவின் சராசரி ஒரு படி கூடியது என்று மட்டும் சொல்லும் விளம்பரத்தை நான் பையில் மடித்து வைத்துவிடுவேன்.

சராசரி என்பதே இங்கே தவறான அளவுகோல் என்பது என் கட்சி. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஒரு கணக்கின்படி, மந்தைக்குள் வைரஸ் பரவாமல் நிற்க வேண்டுமானால் நூற்றுக்கு 85 கோழிகளுக்கு மேல் 1:8 அல்லது அதற்கு மேற்பட்ட டைட்டர் இருக்க வேண்டும். 1:128 இருக்கும் கோழியை மூலிகை 1:256 ஆக்கினால் மந்தைக்கு ஒரு லாபமும் இல்லை. சராசரி மட்டும் அழகாக ஏறும். 1:4-ல் நிற்கிற கடைசி வரிசைக் குஞ்சை 1:16-க்குக் கொண்டுவந்தால்தான் பரவல் நிற்கும். அந்தக் கடைசி வரிசையில் நிற்பவை பெரும்பாலும் கம்போரோவால் பை கெட்டவை, அஃப்லாடாக்சினால் ஈரல் கெட்டவை, கொட்டகையின் சூடான மூலையில் கிடந்தவை, சொட்டே விழாதவை. மூலிகை ஈரலுக்கு உதவலாம், வெயிலுக்கு உதவலாம். பை அழிந்துபோன குஞ்சுக்கும் சொட்டு விழாத குஞ்சுக்கும் அது ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே மூலிகை ஆய்வை மதிப்பிட நான் தேடும் முதல் எண், குறைந்த டைட்டர் உள்ள கோழிகளின் சதவீதம் எவ்வளவு குறைந்தது என்பதுதான்.

இரண்டாவதாகத் தேடுவது குழுக்களை. தடுப்பூசி மட்டும், மூலிகை மட்டும், இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல் என நான்கு குழுக்களும் இருந்தால்தான் எதன் பலன் எது என்று தெரியும். மூலிகை மட்டும் தின்ற குழுவைப் பல ஆய்வுகள் விட்டுவிடுகின்றன. கடைசியில் கொடிய வைரஸைப் பாதுகாப்பான ஆய்வகத்தில் செலுத்தி எத்தனை பிழைத்தன, பிழைத்தவை எச்சத்திலும் சளியிலும் எத்தனை நாள் வைரஸைக் கொட்டின என்று பார்க்க வேண்டும். டைட்டர் என்பது அந்தப் பரீட்சைக்கு முந்தைய மதிப்பீடு, அவ்வளவுதான். இன்னொன்று: தீவனத் தொட்டியில் மூலிகை கலந்தால் அந்தக் கூண்டு முழுவதும் ஒரே தட்டில் தின்கிறது. கணக்கில் அந்தக் கூண்டு ஒன்றுதான். அதிலுள்ள ஐம்பது கோழிகளை ஐம்பது தனிச் சோதனைகள் என்று எண்ணக் கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பல கட்டுரைகளின் முடிவுகள் ஆட்டம் காணும்.

சீந்திலிலும் சீந்தில் வித்தியாசம் உண்டு. எந்த மரத்தில் ஏறியது, எந்த மாதம் வெட்டியது, எத்தனை விரல் தடிமன் என்பதைப் பொறுத்து உள்ளிருக்கும் பொருள் மாறும். தீவன ஆலையில் குச்சித் தீவனம் பிழியும்போது நீராவிச் சூட்டில் துளசியின் எண்ணெய் பறந்துவிடும். பூண்டை நசுக்கியதும் பிறக்கும் அல்லிசின் நெடுநேரம் தாங்காது. குப்பியில் செடியின் பெயர் இருக்கிறது என்பதற்காக அந்தச் செடியின் குணமும் உள்ளே இருக்கிறது என்று பொருளில்லை. எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று அளந்து எழுதியிருக்கும் குப்பியை வாங்குங்கள்.

பண்ணையில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு, தண்ணீரில் மருந்து வைக்கும் அன்று டானிக்கையும் அதே தொட்டியில் கலப்பது. லசோட்டா உயிருள்ள வைரஸ். தண்ணீரிலுள்ள குளோரின் அதைக் கொல்லும் என்பதால்தான் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை லிட்டருக்குச் சில கிராம் முதலில் கலக்கிறோம். கடுக்காய், நெல்லி போன்றவற்றின் துவர்ப்புப் பொருள்கள் புரதத்தைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். வைரஸின் உறையில் நீட்டிக்கொண்டிருப்பவையும் புரதங்கள்தான். வைரஸை எதிர்க்கும் மூலிகை என்று பெருமையாகச் சொல்லி விற்கும் டானிக், தடுப்பு மருந்தின் வைரஸை மட்டும் அடையாளம் கண்டு விட்டுவைக்குமா என்ன? தடுப்பு மருந்து கொடுக்கும் நாளிலும் அதற்கு முந்தின, அடுத்த நாட்களிலும் தண்ணீரில் வேறு எதையும் கலக்காமல் இருப்பது நல்லது. மூலிகை கொடுக்க வேண்டுமென்றால் சில நாள் முன்னதாகவே தீவனத்தில் தொடங்கலாம்.

கூண்டுப் பண்ணைகளை விட்டுவிட்டுப் புறக்கடைக்கு வருவோம். நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் பெண்களிடம் ஆய்வகத் தாளும் இல்லை, டைட்டரும் இல்லை. கோடை தொடங்கும்போது பக்கத்துத் தெருவில் கோழிக்குச் சீக்கு வந்துவிட்டது என்ற பேச்சுதான் அவர்களுக்கு முதல் எச்சரிக்கை. அப்போது அம்மியில் சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் வைத்து அரைத்து, தீவனத்தோடு பிசைந்து உருண்டையாகக் கொடுப்பார்கள். கால்நடை மருத்துவர்களே பரிந்துரைக்கும் சேர்க்கை இது. இதில் மிளகுக்கு ஒரு நியாயமும் உண்டு. மஞ்சளின் குர்குமின் தனியாகப் போனால் உடம்பில் ஒட்டுவது மிகக் குறைவு. மிளகின் பைப்பரின் கூடச் சேர்ந்தால் மனிதர்களில் அது பல மடங்கு கூடுகிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த சிறிய ஆய்வு ஒன்று 1998-ல் வெளியானது. உருண்டை மலிவு, தீங்கில்லை, இரை எடுக்காத கோழியை எடுக்க வைக்கவும் செய்யும். ஆனால் தடுப்பூசி போடாத கோழியை உருண்டை மட்டும் வெள்ளைக்கழிச்சலிலிருந்து காக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. சீக்கு வந்தபின் உருண்டை கொடுத்துப் பிழைத்த கோழியைப் பற்றி ஊரே பேசும். கொடுத்தும் செத்த கோழிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

புறக்கடைக் கோழிக்கு எஃப் ஒன், லசோட்டா முறை பொருந்துவதில்லை என்பது உண்மைதான். குளிர்சாதனப் பெட்டி வேண்டும், பிடிபடாத கோழியை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். இதற்காகவே சூடு தாங்கும் வைரஸ் வகைகளை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்பிரோவின் குழு கிராமக் கோழிகளுக்கென்று உருவாக்கியது. நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் டி 58 என்ற வகையைக் கொண்டு, தீவனக் குருணையாகவே கொடுக்கக்கூடிய தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. மாலையில் கூடைக்குள் அடையும்போது வாய்வழியாகவே தடுப்பு மருந்தும் போய்விடும். உருண்டை பிடிக்கத் தெரிந்த கைக்கு இது ஒன்றும் புதிய வேலை இல்லை.

கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இரண்டு வாரம் நடத்துகிறது. கோடைச் சீக்கு வருமுன் உடம்பில் எதிர்ப்பொருள் ஏறுவதற்குச் சரியான காலம் அது. முகாம் நடக்கும் நாளைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, விடியற்காலையில் கோழி கூடையை விட்டு இறங்குமுன் பிடித்துத் தூக்கிக்கொண்டு போங்கள். சீரகமும் கீழாநெல்லியும் இரண்டு நாள் கழித்து அரைத்துக்கொள்ளலாம்.